செல்பேசிச் சேவை முகவர்

செல்பேசிச் சேவை முகவர் என்பவர் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் புதிய இணைப்புகளையும் (சிம் அட்டை) முன்கட்டணத் திட்டங்களையும் வாடிக்கையாளர்களுக்கு விற்று, அதற்காகத் தரகு (கமிஷன்) பெறும் சிறு வணிகர் ஆவார். தமிழ்நாட்டில் இவர்களின் கடைகள் பேச்சு வழக்கில் "ரீசார்ஜ் கடை" என்றும் "செல்போன் கடை" என்றும் அழைக்கப்படுகின்றன. முகவர் என்று அழைக்கப்பட்டாலும், இவர் பெரும்பாலும் சரக்கை முன்பணம் கொடுத்து வாங்கி விற்பவரே. இந்த இரட்டை நிலையே இத்தொழிலின் வருவாயையும் இடரையும் தீர்மானிக்கிறது. மயிலாடுதுறை மாவட்டத்தின் சீர்காழி போன்ற காவிரிப் படுகைச் சிறுநகரங்களில், நிறுவனத்தின் நேரடிக் கிளையை விட இத்தகைய கடைகளே சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்களுக்கு எளிதில் எட்டும் சேவை மையங்களாக இருந்து வந்துள்ளன.

வரலாறு

இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து (அன்றைய கல்கத்தா) மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசுவால் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக் ராமுக்குச் செய்யப்பட்டது. தொடக்கத்தில் சென்னை மாநகரம் ஒரு வட்டமாகவும் தமிழ்நாட்டின் பிற பகுதிகள் மற்றொரு வட்டமாகவும் பிரிக்கப்பட்டு உரிமங்கள் வழங்கப்பட்டன. சீர்காழி இரண்டாவது வட்டத்தில் அடங்கியது. அவ்வட்டத்தில் ஏர்செல் நிறுவனம் 1999 இல் சேவையைத் தொடங்கியது. அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். 2002 அக்டோபரில் செல்பேசிச் சேவைக்குள் நுழைந்தது.

அக்காலம் வரை சிறுநகரங்களில் தொலைபேசித் தரகு என்றால் அது எஸ்.டி.டி. பூத் நடத்துவதையே குறித்தது. மஞ்சள் பலகையும் கண்ணாடிக் கூண்டும் கொண்ட அக்கடைகள் பேசிய நேரத்திற்குக் கட்டணம் பெற்று, அதில் ஒரு பங்கைத் தரகாக எடுத்துக்கொண்டன. 2003 மே மாதம் முதல் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்ற நிலை ஏற்பட்டதும், குறைந்த வருவாய் உடையவரும் செல்பேசி வைத்திருக்க முடிந்தது. பூத்துகளின் வாடிக்கை படிப்படியாகக் குறைந்தது. அவற்றுள் பல அதே இடத்தில் ரீசார்ஜ் கடைகளாக மாறின. பழைய தொழிலின் அழிவிலிருந்து புதிய தொழில் பிறந்தது எனலாம். ஆனால் பழைய தொழிலில் கடைக்காரர் சரக்கு எதையும் முன்கூட்டி வாங்க வேண்டியிருக்கவில்லை.

செயல்படும் முறை

விற்பனைச் சங்கிலி பொதுவாக மூன்று படிகளைக் கொண்டது. நிறுவனம் ஒரு பகுதிக்கு ஒரு விநியோகத்தரை (டிஸ்ட்ரிபியூட்டர்) அமர்த்தும். அவர் நிறுவனத்திற்குப் பணம் செலுத்திச் சரக்கைப் பெற்று, தம் விற்பனையாளர்கள் மூலம் சில்லறைக் கடைகளுக்குக் கொடுப்பார். கடைக்காரர் அதை வாடிக்கையாளருக்கு விற்பார்.

முதலில் இச்சரக்கு தாள் அட்டையாக இருந்தது. அட்டையின் பூச்சைச் சுரண்டி, உள்ளிருக்கும் எண்ணை வாடிக்கையாளரே தம் செல்பேசியில் இடுவார். பின்னர் மின்னணு முறை வந்தது. கடைக்காரரிடம் உள்ள தனிச் சிம் அட்டையில் விநியோகத்தர் ஒரு தொகையை ஏற்றுவார். கடைக்காரர் அதிலிருந்து வாடிக்கையாளரின் எண்ணுக்கு மாற்றுவார். தமிழ்நாட்டில் இதை "ஈசி போடுதல்" என்று மக்கள் கூறினர். அழைப்புக் கட்டணத்தைக் குறைக்கும் சிறப்புத் திட்டங்களுக்கு "ரேட் கட்டர்" என்ற பெயர் வழங்கியது.

மின்னணு முறையால் அச்சுச் செலவும் அட்டை இருப்பு வைக்கும் தொல்லையும் நீங்கின. எனினும் இரு புதிய சிக்கல்கள் தோன்றின. முதலாவது, பத்து இலக்கங்களில் ஒன்று பிழைத்தாலும் பணம் வேறொருவருக்குப் போய்ச் சேரும். அத்தொகை திரும்பாவிடில் இழப்பு பெரும்பாலும் கடைக்காரரையே சாரும். இரண்டாவது, வாடிக்கையாளர் தம் எண்ணைக் கடையில் சொல்ல வேண்டியதாயிற்று. கடைக் குறிப்பேட்டில் எழுதப்பட்ட எண்களுக்குத் தொல்லை அழைப்புகள் வருவதாகப் பெண்கள் பல மாநிலங்களில் முறையிட்டனர். சொந்த எண்ணை வெளியிடாமல் ரீசார்ஜ் செய்யும் வசதியைக் கொண்ட "சகி" என்ற திட்டத்தை வோடபோன் 2018 இல் அறிமுகப்படுத்தியதற்கு இதுவே காரணம். தாள் அட்டைக் காலத்தில் இச்சிக்கல் இருந்ததில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தரகுக் கணக்கு

தரகு விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம், திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும். எடுத்துக்காட்டாக, நூற்றுக்கு மூன்று ரூபாய் எனக் கொண்டால், 10 ரூபாய் டாப்-அப் ஒன்றில் கடைக்காரருக்குக் கிடைப்பது 30 காசு. ஒரு நாளில் 300 ரூபாய் ஈட்ட அவர் 10,000 ரூபாய்க்கு விற்க வேண்டும்; அந்த 10,000 ரூபாயும் முன்கூட்டியே செலுத்தப்பட்டிருக்க வேண்டும். கடை வாடகை, மின்கட்டணம், கடன் வட்டி ஆகியவை இந்த 300 ரூபாயிலிருந்தே போகும். எனவே ரீசார்ஜை மட்டும் நம்பிக் கடை நடத்துவோர் குறைவு. உறை, மின்னேற்றி, பழுது பார்த்தல், ஒளிநகல் ஆகியவற்றையும் சேர்த்தே நடத்துகின்றனர்.

2018 இறுதியில் தனியார் நிறுவனங்கள் இணைப்பைத் தக்கவைக்கக் குறைந்தபட்ச மாதாந்திர ரீசார்ஜ் முறையைக் கொண்டுவந்தன. உள்வரும் அழைப்புக்காக மட்டும் எண்ணை வைத்திருந்தவர்களும் அதன்பின் தவறாமல் பணம் செலுத்த வேண்டியதாயிற்று. மேலும், மாதம் என்பது பெரும்பாலான திட்டங்களில் 28 நாட்களையே குறித்தது. இக்கணக்கில் ஆண்டுக்கு 12 அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். இதைப் பற்றிய முறையீடுகளை அடுத்து, ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டங்களையும் வழங்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2022 ஜனவரியில் ஆணையிட்டது. 2024 டிசம்பரில், இணையத் தரவு சேராத, அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களையும் வழங்குமாறு விதி திருத்தப்பட்டது. பொத்தான் செல்பேசி வைத்திருக்கும் முதியோர் பயன்படுத்தாத தரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டி வந்தனர் என்பதே இதன் பின்னணி. அவர்களுக்கு விதிகளைப் பற்றித் தெரியாது, "ஏன் விலை ஏறியது?" என்ற கேள்வியைக் கடைக்காரரிடமே கேட்பர்.

முகவரா, வணிகரா?

இவ்வினா நெடுங்காலம் நீதிமன்றங்களில் இருந்தது. 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194எச் பிரிவு, தரகு கொடுப்பவர் அதிலிருந்து வரியைப் பிடித்தம் செய்ய வேண்டும் என்று கூறியது. நிறுவனம் விநியோகத்தருக்கு விலை குறைத்துக் கொடுப்பது தரகே என்று வரித்துறை வாதிட்டது. அது தள்ளுபடி மட்டுமே என்று நிறுவனங்கள் கூறின. உயர் நீதிமன்றங்கள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கின. 2024 பிப்ரவரி 28 அன்று பார்தி செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம், முன்கட்டண அட்டைகளை விநியோகத்தர் விற்று ஈட்டும் வருவாய்க்கு நிறுவனம் வரி பிடித்தம் செய்ய வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. விநியோகத்தர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாடு அவருடைய சொந்த ஆதாயம். அது நிறுவனம் கொடுக்கும் தரகு அன்று என்பது அதன் சாரம்.

இத்தீர்ப்பு வரி பிடித்தம் பற்றியது. அதுவும் விநியோகத்தரைப் பற்றியது. ஆயினும் சங்கிலியின் கடைசிப் படியில் உள்ள கடைக்காரரின் நிலையையும் இது தெளிவாக்குகிறது. தம் முதலீட்டில் வாங்கி, தம் இழப்பில் விற்பதால் அவர் வணிகர். ஆனால் விலை, திட்டம், இணைப்பு வழங்கும் முறை எதையும் அவர் தீர்மானிப்பதில்லை. வாடிக்கையாளரின் கண்ணில் அவரே நிறுவனம்.

இதன் கடுமை 2018 பிப்ரவரியில் வெளிப்பட்டது. தமிழ்நாட்டில் பெருமளவு வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த ஏர்செல் சேவை அம்மாதம் முடங்கியது. அந்நிறுவனம் மாத இறுதியில் நொடிப்பு நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்திற்கு மாறும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரி 20 முதல் இருந்தபோதிலும், அதற்குத் தேவையான குறியீட்டைப் பெறுவதற்கே அலைவரிசை கிடைக்கவில்லை. மக்கள் கடைகளில் குவிந்தனர். ஒரு நிறுவனம் இவ்வாறு நிற்கும்போது, கடைக்காரரின் கணக்கில் எஞ்சியிருக்கும் தொகையை வேறெவருக்கும் விற்க இயலாது என்பதையும் இங்கே கருத வேண்டும்.

இணைப்பு வழங்கலும் சட்டப் பொறுப்பும்

புதிய இணைப்பு விற்பதில் ரீசார்ஜை விடக் கூடுதல் ஊக்கத்தொகை உண்டு, பொறுப்பும் மிகுதி. விண்ணப்பதாரரின் அசல் ஆவணங்களைப் பார்த்துச் சரிபார்ப்பது முகவரின் கடமை. 2016 முதல் ஆதார் கைரேகை வழிச் சரிபார்ப்பு பரவியது. 2018 செப்டம்பர் 26 ஆம் நாளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தனியார் நிறுவனங்களின் அப்பயன்பாடு தடைப்பட்டு, 2019 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின் விருப்ப அடிப்படையில் மீண்டும் இடம்பெற்றது. 2024 ஜனவரி 1 முதல் தாள் விண்ணப்ப முறை கைவிடப்பட்டது.

விற்பனை இலக்கை எட்டுவதற்காகச் சிலர் முறைகேடு செய்வதுண்டு. கைரேகை பதியவில்லை என்று கூறி இரண்டாம் முறை பெற்று, அதே பெயரில் மற்றொரு இணைப்பை இயக்குவது அவற்றுள் ஒன்று. அவ்விணைப்புகள் இணைய மோசடிக் கும்பல்களிடம் சேர்கின்றன. 52 லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகவும் 67,000 முகவர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாகவும் மத்திய அரசு 2023 ஆகஸ்டில் அறிவித்தது. சிம் விற்போர் அனைவரும் நிறுவனத்திடம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவற்றவர் மூலம் விற்றால் நிறுவனத்திற்கு 10 லட்சம் ரூபாய் தண்டம் என்ற விதியும் அப்போது வந்தது. 2023 ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ இணைப்புப் பெறுவது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கும் 50 லட்சம் ரூபாய் வரை தண்டத்திற்கும் உரிய குற்றமாகும். தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதைச் "சஞ்சார் சாத்தி" என்ற அரசு இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம்.

காவிரிப் படுகையில்

சீர்காழி வட்டாரத்தின் வருவாய் பருவத்தைச் சார்ந்தது. குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் வேளாண் குடும்பங்களிடம் பணப்புழக்கம் இருக்கும். பழையாறு, திருமுல்லைவாசல் போன்ற கடலோர ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். ஆனால் 28 நாள் திட்டம் பருவம் பார்ப்பதில்லை. இவ்வாறான ஊர்களில் தெரிந்தவருக்குக் கடனாக ரீசார்ஜ் செய்துவிட்டுப் பின்னர் பணம் பெறுவது கடைகளின் வழக்கம். நூற்றுக்கு மூன்று ரூபாய் தரகு என்ற கணக்கில், 200 ரூபாய்க் கடன் ஒன்று வராமல் போனால், அதை ஈடுகட்ட ஏறத்தாழ 6,700 ரூபாய்க்கு விற்க வேண்டும்.

2022 நவம்பர் 12 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. மழை பெய்து, வட்டாரம் வெள்ளத்தில் மூழ்கி மின்வழங்கல் தடைப்பட்டது. இத்தகைய நாட்களில் கடையின் இருப்பு விற்காமல் கிடக்கும். வாடிக்கையாளரின் செல்லுபடி நாட்கள் மட்டும் கழிந்துகொண்டே இருக்கும்.

இணையவழிப் போட்டி

யு.பி.ஐ. செயலிகளும் நிறுவனங்களின் சொந்தச் செயலிகளும் பரவியதால், திறன்பேசி உடையோர் பலர் கடைக்கு வருவதை நிறுத்தினர். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், ஜியோ நிறுவனம் எவரும் பிறருக்கு ரீசார்ஜ் செய்து 4.16 விழுக்காடு தரகு பெறும் செயலியை வெளியிட்டது (96 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்பவரின் ஆதாய விகிதமும் ஏறத்தாழ இதுவே). கடையோ வாடகையோ இல்லாத ஒருவர் இவ்விகிதத்தைப் பெறுவது நிலையான கடைக்காரருக்குப் போட்டியானது. பொத்தான் செல்பேசி வைத்திருப்போரும், வங்கிக் கணக்கைச் செயலியோடு இணைக்கத் தயங்கும் முதியோரும், சிம் அட்டை தொலைந்து மாற்று அட்டை வேண்டுவோரும் கடைகளையே நாடுகின்றனர்.