நீரின் தெளிவும் நீரின் எடையும்

நாஞ்சில் நாட்டு வீடுகளில் குழாய் நீரைப் பற்றி இருவகை முறையீடுகள் எழுகின்றன. மழைக்காலத்தில் நீர் கலங்கி வந்து குடத்தின் அடியில் வண்டல் படிகிறது என்பது ஒன்று. நீர் பளிங்குபோல் இருந்தும் வெந்நீர்ப் பாத்திரத்திலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவம் ஏறுகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே குறையெனக் கருதி, ஒரே கருவியால் தீர்க்க முனைந்து பொருளிழப்போர் பலர். தெளிந்த நீரிலும் சுமை உண்டு என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இஸ்லாமிய மருத்துவ அறிஞர் உணர்ந்திருந்தனர்.

இப்னு சீனா (கி.பி. 980-1037) தம் 'அல்-கானூன் ஃபித் திப்' என்னும் பெருநூலில் நீரின் இயல்புகளை விரிவாக ஆராய்கிறார். எடை குறைந்த நீரே நன்னீர் என்பது அவர் கொள்கை. அதனை அறிய அவர் கூறும் சோதனை எளியது. சம எடையுள்ள இரு துணித்துண்டுகளை இருவேறு நீரில் நனைத்து, நன்கு உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். எத்துணி எடை குறைந்ததோ அதனை நனைத்த நீரே சிறந்தது. உலர்ந்த துணியில் எஞ்சுவன நீரில் கரைந்திருந்த உப்புகள். கண்ணுக்குப் புலப்படாத அவற்றைத் தராசு காட்டிவிடுகிறது. இன்றைய ஆய்வுக்கூடம் நீரை ஆவியாக்கி எஞ்சியதை நிறுப்பதும் இதே நெறியில்தான்.

சட்ட அறிஞரின் வினா வேறு. மண், பாசி, தங்குமிடத்திலும் ஓடும் வழியிலும் உள்ள பொருள்கள் ஆகியவற்றால் மாறிய நீர், தூய்மைப்படுத்தும் தன்மையை இழப்பதில்லை என்பது இமாம் நவவீ (கி.பி. 1233-1277) தம் 'மின்ஹாஜ்' நூலில் தரும் தீர்ப்பு. எனினும், உளூவுக்கு ஏற்ற நீரெல்லாம் குடிக்க உகந்தது என்பது இதன் பொருளன்று. சட்டம் கூறும் தூய்மையும் மருத்துவம் கூறும் நலமும் தனித்தனி அளவுகோல்கள்.

தமிழர் மரபு கலங்கலுக்குத் தேற்றாங்கொட்டையைக் கண்டது. கொட்டையை உரைத்துக் கலந்தால் மண்துகள்கள் ஒன்றுதிரண்டு அடியில் படியும். படிகாரத்தின் பணியும் அதுவே. ஆனால், கரைந்த சுண்ணத்தை இவை அகற்றுவதில்லை.

குமரி மாவட்டம் இரு பருவமழைகளையும் பெறுவது. 1945இல் திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் அமைந்த முக்கடல் அணை நாகர்கோவிலின் குடிநீர்த் தேவைக்கானது. எளிதில் கரையாத மலைப்பாறைகளின் மீது வழிந்து வரும் நீர் இயல்பாக மென்மையுடையது. அதன் குறை பெரும்பாலும் கலங்கலே. ஆழ்துளைக் கிணறுகளிலும் கடலோரக் கிணறுகளிலும் கரைந்த உப்புகள் மிகுதல் கூடும். ஒரே மேல்நிலைத் தொட்டியில் இருவகை நீரும் சேரும் வீட்டில், குறை எதனுடையது என அறிவது கடினம். ஆகவே, தொட்டியில் சேருமுன் இரண்டையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

கண்ணாடிக் குவளையில் நீரைப் பிடித்து வைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். வெண்மை கீழிருந்து மேலாகச் சில நிமிடங்களில் தெளிந்தால் அது காற்றுக் குமிழே. அடியில் படிந்தால் வண்டல். தெளிவாக வந்த நீர் பின்னர்ச் செந்நிறம் கொண்டால் இரும்பு. வெள்ளைப் படிவத்தின் மீது வினிகரை ஊற்றும்போது நுரைத்தால் அது சுண்ணம். அதனைப் புளிக்கரைசலில் ஊறவைத்தும் நீக்கலாம்.

வண்டலுக்குத் தொட்டியைக் கழுவுதலும் வடிகட்டியும் போதும். கடினத்தன்மைக்கு அவை உதவா. காய்ச்சுதல் அதன் ஒரு பகுதியையே படியச் செய்யும். எஞ்சியதற்கு அயனி மாற்று முறையோ எதிர்ச் சவ்வூடு பரவல் முறையோ தேவை. அதற்குமுன் நீரை ஆய்வுக்கு அனுப்புதல் நன்று. இந்தியத் தர அளவுப்படி (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, மாற்று நீர்நிலை இல்லாதவிடத்து 600 வரை அனுமதிக்கப்படுகிறது.

கருவியை வாங்கிய பின் காரணத்தைத் தேடுவது நம் வழக்கமாகிவிட்டது. முதலில் நிறுத்துப் பார்த்து, பின்னர்த் தீர்ப்பளித்தார் இப்னு சீனா. அந்த வரிசைமுறையே அவரிடம் நாம் கற்க வேண்டுவது.