கன்றுத்தோல் சேணம்

இருக்கையும், முழங்கால் அழுந்தும் மடல்களும் இளங்கன்றின் தோலால் போர்த்தப்பட்ட குதிரைச் சேணமே கன்றுத்தோல் சேணம். ஆங்கிலப் பாணிச் சேணங்களில், அதிலும் தடைதாண்டும் போட்டிகளுக்கென்று செய்யப்படும் வகையில், இதை மிகுதியாகக் காணலாம். பிரான்ஸ் நாட்டுப் பட்டறைகள் இதில் பேர்பெற்றவை. மென்மைக்காகவும் வழுக்காத பிடிப்புக்காகவும் சவாரி செய்பவர்கள் இதை விரும்புகிறார்கள். விலை கூடுதல், தேய்மானமும் சீக்கிரம். இந்த மென்மையெல்லாம் மேலே உட்காருபவரின் சுகத்துக்கானது. குதிரையின் முதுகுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. குதிரைக்கு நன்மையோ தீமையோ செய்வது தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் சட்டமும் மெத்தையும்தான். ஆகவே சேணம் வாங்கப் போகிறவர் அதை முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேல்தோலைத் தடவிப் பார்ப்பது பிறகு.

அமைப்பு

சேணத்தின் உள்ளே இருக்கும் சட்டத்தைச் சவாரிக்காரர்கள் ‘ட்ரீ’ என்பார்கள். மெல்லிய பீச் மரத் தகடுகளை ஒட்டி, முன்வளைவுக்கு எஃகுத் தகடு வைத்து, இரு பக்கமும் வளைந்து மீளும் வில்லெஃகுப் பட்டைகளை நீளவாக்கில் பதித்துச் செய்வது பழைய முறை. இப்போது உறுதியான பிளாஸ்டிக் கலவைச் சட்டங்களும் பரவலாகிவிட்டன. சட்டத்தின் முன்மேடு குதிரையின் தோள்மேட்டுக்கு மேல் வளைந்து நிற்கும். பின்மேடு சவாரி செய்பவரின் இடுப்புக்குப் பின்னால் உயரும். சட்டத்தின் இரு பக்கமும் உள்ள இரும்புக் கொண்டியில் அங்கவடி வார் மாட்டப்படும். அடியில் இரண்டு மெத்தைகள் முதுகெலும்பின் இருபுறமும் படிகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு வாய்க்கால் போன்ற இடைவெளி நீளும். மெத்தைக்குள் கம்பளி அடைப்பார்கள், அல்லது ஃபோம் வைப்பார்கள். மடலுக்கு அடியிலிருந்து தொங்கும் துளையிட்ட வார்களில் வயிற்றுப் பட்டையின் பக்கிள்கள் பூட்டப்படுகின்றன. சேணம் குதிரைமேல் நிற்பது இந்தச் சில அங்குல வார்களை நம்பித்தான்.

தோல்

கன்றின் தோல் வளர்ந்த மாட்டின் தோலைவிட மெல்லியது. அதன் நார்கள் நுண்மையானவை. மேற்பரப்பின் துளைகள் சிறியவை. வளர்ந்த மாட்டுத்தோலில் தெரியும் மடிப்புக் கோடுகளும் பழைய காயத் தழும்புகளும் இதில் குறைவு. கன்றிறைச்சி உண்ணும் வழக்கம் பிரான்சில் நிலைத்திருப்பதால் அங்கே இந்தத் தோல் தொடர்ந்து கிடைக்கிறது. அதைப் பதனிடுவதில் தனித் தேர்ச்சி பெற்ற ஆலைகளும் அந்நாட்டில் உண்டு. அவற்றுள் ஒன்றான அன்னோனே நகரத்து ஆலையை 2013ஆம் ஆண்டு எர்மெஸ் நிறுவனம் வாங்கியது.

மெல்லிய தோல் தனித்து நின்று சேணத்தின் பாரத்தைத் தாங்காது. கெட்டியான மாட்டுத்தோல் மடலின்மேல் கன்றுத்தோலை ஒட்டித் தைப்பதே வழக்கம். பாரம் தாங்குவது உள்தோல், உடலோடு ஒட்டுவது வெளித்தோல். வயிற்றுப் பட்டை வார்களும் அங்கவடி வார்களும் கன்றுத்தோலாலான சேணத்திலும் தடித்த மாட்டுத்தோலால்தான் செய்யப்படுகின்றன.

பதனிடும் முறை தோலின் குணத்தையே மாற்றும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும், வடிவத்தைக் காக்கும், காலப்போக்கில் நிறம் முதிரும். குரோமிய உப்பில் பதனிட்டது துவண்டு கொடுக்கும், வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். ஓக், செஸ்ட்நட், மிமோசா ஆகியவற்றின் சாறுகள் ஐரோப்பிய ஆலைகளில் பயன்படுகின்றன. நம் பக்கத்தில் ஆவாரம் பட்டை இந்த வேலையைச் செய்தது. தென்னிந்தியாவிலிருந்து ஏற்றுமதியான ஆவாரம்பட்டைத் தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்று ஐரோப்பியச் சந்தையில் தனிப் பெயரே உண்டு. 1948இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தொழிலின் அறிவியல் பக்கத்தைக் கவனித்துவருகிறது.

வரலாறு

சட்டமில்லாத மெத்தைச் சேணங்களே முதலில் வந்தவை. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் புதைமேடுகளிலிருந்து, உறைபனியில் கெடாமல் கிடைத்த தோல், கம்பளிச் சேணங்கள் ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் பழமையானவை. அவற்றில் அங்கவடி இல்லை. மரச்சட்டமும் அங்கவடியும் பின்னால் வந்து சேர்ந்தன.

இன்றைய தடைதாண்டும் சேணத்தின் வடிவம் ஒரு மனிதரின் யோசனையிலிருந்து பிறந்தது. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெதெரிக்கோ காப்ரிள்ளி (1868–1907) வரும்வரை, தடையைத் தாண்டும்போது சவாரி செய்பவர் பின்னால் சாய்ந்து உட்காருவதுதான் முறை. குதிரை பாயும்போது அதன் எடைமையம் முன்னால் நகர்கிறது. மேலே இருப்பவரும் அங்கவடியைக் குட்டையாக்கிக்கொண்டு முன்னால் சாய வேண்டும் என்று காப்ரிள்ளி நிறுவினார். அப்படிச் சாய்ந்தால் முழங்கால் முன்னே போகிறது. பழைய நேர்மடல் அதற்கு இடம் தரவில்லை. மடலை முன்னோக்கி வெட்டவும் முழங்காலுக்குத் திண்டு வைக்கவும் வேண்டிவந்தது. பிரான்சின் சோமூர் குதிரைப்படைப் பள்ளியைச் சேர்ந்த டான்லூ அத்தகைய சேணம் ஒன்றை வடிவமைத்தார். முழங்கால் ஓரிடத்தில் ஊன்றி நிற்க வேண்டிய இந்த உட்காருமுறைக்கு, வழுக்காத கன்றுத்தோல் கச்சிதமாகப் பொருந்தியது. முந்தைய ஆங்கிலச் சேணங்களின் இருக்கை பெரும்பாலும் பன்றித்தோல்.

சேணத் தொழிலுக்கென்றே பேர்பெற்ற ஊர்கள் சில. இங்கிலாந்தின் வால்சால் அவற்றுள் தலையானது. அவ்வூர்க் கால்பந்து அணியைச் ‘சேணக்காரர்கள்’ என்றே அழைக்கிறார்கள். பாரிசில் எர்மெஸ் 1837இல் குதிரைச் சாமான் பட்டறையாகத்தான் தொடங்கியது. கைப்பைக்கும் கழுத்துத்துணிக்கும் பேர்பெற்ற பிறகும் சேணம் செய்வதை அது நிறுத்தவில்லை. இந்தியாவில் கான்பூர், பிரித்தானிய இராணுவத்துக்குச் சேணம் செய்யத் தொடங்கி இன்று உலகச் சந்தைக்கு ஏற்றுமதி செய்கிறது. அவ்வூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு.

தேர்ந்தெடுத்தல்: குதிரைக்கு

குதிரையைச் சமதரையில் நிறுத்தி, விரிப்பு எதுவும் போடாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்துப் பார்ப்பதே சரியான தொடக்கம். தோள்மேட்டில் வைத்துப் பின்னால் இழுத்தால், சேணம் தானாக ஓரிடத்தில் வந்து நிற்கும். அதுவே அதன் இடம். முன்னங்கால் நீளும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னோக்கி நகர்கிறது. சட்டத்தின் முன்முனைகள் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். பலர் சேணத்தை அளவுக்கு மீறி முன்னால் வைத்துவிட்டு, குதிரை நடை குறுகிவிட்டதென்று குதிரையைக் குறை சொல்கிறார்கள்.

முன்மேட்டுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் அங்கே வெளிச்சம் தெரிய வேண்டும். நடு வாய்க்கால் முதுகெலும்பின்மீது எங்கும் படக்கூடாது; மூன்று விரலாவது நுழைய வேண்டும். பின்பக்கம் சேணம் கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. அதற்குப் பின்னால் இடுப்புப் பகுதியைக் கீழிருந்து தாங்க விலா இல்லை. பாரம் அங்கே இறங்கினால் குதிரைக்கு வலிக்கும். மெத்தைக்கும் முதுகுக்கும் இடையே கையை நுழைத்து முன்னிருந்து பின்வரை தடவிப் பாருங்கள். அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் அழுத்தி நடுவில் காலியாக இருந்தால், பாரம் முழுவதும் நான்கு புள்ளிகளில் இறங்குகிறது என்று பொருள். நடுவில் மட்டும் அழுத்தினால் சேணம் முன்னும் பின்னும் ஆடும். இரண்டுமே வேண்டாம்.

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் குதிரையின் முதுகே சாட்சி சொல்லும். வேர்வை இரு பக்கமும் சீராகப் படிந்திருந்தால் நல்லது. சுற்றிலும் நனைந்திருக்க, நடுவே உள்ளங்கையளவு காய்ந்த திட்டு தெரிந்தால் அந்த இடம் அளவுக்கு மீறி அழுந்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். முதுகில் வெள்ளை முடித் திட்டுகள் முளைத்திருந்தால் அவை பழைய சேணப்புண்ணின் தழும்புகள். வயிற்றுப் பட்டையைப் பூட்டும்போது காதை மடக்குவதும் கடிக்க வருவதும் கெட்ட குணம் அல்ல. பெரும்பாலும் அது வலியைச் சொல்லும் ஒரே வழி.

மெத்தையின் கம்பளி நாளடைவில் அமுங்கும். குதிரையின் முதுகும் தீனி, வயது, பயிற்சி ஆகியவற்றைப் பொறுத்து மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் தேர்ந்த ஒருவரிடம் காட்டிக் கம்பளியைச் சரிசெய்துகொள்வது நல்லது. பொருந்தாத சேணத்துக்கு அடியில் கனத்த விரிப்புகளைத் திணித்துச் சமாளிப்பது, இறுக்கமான காலணிக்குள் இன்னொரு காலுறை போடுவதற்கு ஒப்பாகும்.

தேர்ந்தெடுத்தல்: சவாரி செய்பவருக்கு

இருக்கையின் அளவு அங்குலத்தில் சொல்லப்படும். முன்மேட்டுப் பக்கவாட்டில் உள்ள குமிழ் ஆணியிலிருந்து பின்மேட்டின் நடுவரை அளப்பார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 16½ முதல் 18 அங்குலம் வரை அமையும். உட்கார்ந்தபின் இடுப்புக்குப் பின்னால் நான்கு விரலளவு இடம் மிஞ்சினால் சரி. தொடை எலும்பின் நீளத்துக்கேற்ப மடல் அமைய வேண்டும். முழங்கால் மடலின் விளிம்பைத் தாண்டினால் இருக்கை அளவு சரியாக இருந்தும் பயனில்லை.

எல்லோருக்கும் கன்றுத்தோல் ஏற்றதா? தினமும் பலர் மாறி மாறி ஏறும் பயிற்சிப் பள்ளிக்கு இது வேண்டாம். அங்கவடி வார் உராயும் இடத்திலும், பாதணியின் மேல்விளிம்பு படும் இடத்திலும் சில ஆண்டுகளில் கன்றுத்தோல் தேய்ந்து உள்தோல் தெரியத் தொடங்கும். அத்தகைய இடத்துக்குக் கெட்டியான மாட்டுத்தோல் சேணமே உகந்தது. ஒருவரே பயன்படுத்தி, ஒருவரே பராமரிக்கும் சேணம் என்றால் கன்றுத்தோல் வாங்கலாம்.

பழைய சேணம் வாங்குவதில் தவறில்லை. நல்ல பட்டறையின் பழைய சேணம், மலிவான புதியதைவிட மேல். ஆனால் சட்டம் உடைந்திருந்தால் அது குப்பை. முன்மேட்டை வயிற்றில் ஊன்றிப் பின்மேட்டைத் தம் பக்கம் இழுத்துப் பார்க்க வேண்டும். வில்லெஃகுப் பட்டை வைத்த சட்டம் சற்று வளைந்து திரும்பும். இருக்கைத் தோல் நடுவில் சுருங்கி மடிந்தாலோ, நறநறவென்று சத்தம் வந்தாலோ சட்டம் போய்விட்டது. முன்வளைவை இரு கையாலும் அழுத்திப் பார்த்தால் அது அசையவே கூடாது. மடலை மெல்ல வளைத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் தோல் காய்ந்து இறந்துவிட்டது, எந்தத் தைலமும் அதைத் திரும்பக் கொண்டுவராது. வெளிறிய பழஞ்சேணத்தை எண்ணெயில் ஊறவைத்துப் பளபளப்பாக்கி விற்பவர்கள் உண்டு. விரலில் எண்ணெய் ஒட்டினால் எச்சரிக்கையாக இருங்கள்.

பராமரிப்பு

சேணத் தோலுக்கு முதல் பகை வேர்வை. குதிரையின் வேர்வையில் உப்பு மிகுதி. ‘லாதெரின்’ என்னும் புரதமும் உண்டு. குதிரை வேர்க்கும்போது வெள்ளை நுரை தள்ளுவது இந்தப் புரதத்தால்தான். வேர்வை தோலில் காய்ந்தால் உப்பு நார்களுக்கிடையே தங்கி ஈரத்தை இழுத்து விடும். நார்கள் விறைத்துப் போகும். ஆகவே ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும், வேர்வை காயுமுன்பே, நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். அடிப்பக்க மெத்தையும் வார்களும் மறந்துபோகும் இடங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஆண்டுக்கொருமுறை நாள்முழுவதும் செய்யும் மெருகேற்றத்தைவிட இது பெரிது.

வாரம் ஒருமுறை கிளிசரின் சேணச் சோப்பு போதும். தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. சோப்போ காரத்தன்மை உடையது. எனவே நுரை பொங்கத் தேய்க்காமல், ஸ்பான்ஜில் கொஞ்சமாக எடுத்து வட்டமாகத் தேய்த்து, மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். வெந்நீர் கூடாது. நனைந்த சேணத்தை வெயிலிலோ அடுப்படியிலோ காயவைக்கக் கூடாது. நிழலில், காற்றாட, தானாகக் காயட்டும்.

பிறகு தைலம். தேன்மெழுகும் கம்பளிக் கொழுப்பும் கலந்த தோல்தைலத்தை விரல்நுனியளவு எடுத்து மெல்லப் பூசினால் போதும். கன்றுத்தோலுக்கு எண்ணெய் மிகுந்தால் அது தொளதொளத்து, கருத்து, பிடிப்பை இழக்கும். மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் கெட்டியான பழைய மாட்டுத்தோலுக்கு உதவலாம், கன்றுத்தோலுக்கு வேண்டாம். வார்களை எண்ணெயில் ஊறவைத்தால் அவை நீண்டு துளைகள் விரியும், தையல் நூலும் பலமிழக்கும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தடவுவதையும் தவிர்க்க வேண்டும்: குளிர்ந்தால் அது உறையும், நாளானால் சிக்குவாடை அடிக்கும்.

கன்றுத்தோலில் கீறல் எளிதில் விழும். அங்கவடி இரும்பு, பக்கிள், வெல்க்ரோ ஒட்டுப்பட்டை, ஜீன்ஸின் உலோகக் குமிழ் எல்லாம் அதற்கு எதிரிகள். அங்கவடிக்குத் துணியுறை போட்டு வைப்பது பயன் தரும். புதுச் சேணத்தின் சாயம் வெளிர்நிறக் காற்சட்டையில் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் பூஞ்சை தனிப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் மூடிவைத்தாலே பச்சை படர்ந்துவிடும். பிளாஸ்டிக் உறை அறவே ஆகாது; பருத்தி உறை போட்டு, சேண வடிவத்துக்கேற்ற தாங்கியில், சுவரிலிருந்து தள்ளி, காற்றோட்டமான அறையில் வைக்க வேண்டும். பூஞ்சை வந்துவிட்டால் வெளியே கொண்டுபோய்த் துடைத்துவிட்டு, சோப்பால் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே எடுக்க வேண்டும். உள்ளே வைத்துத் தட்டினால் வித்துகள் மற்றச் சாமான்களுக்கும் பரவும்.

பாதுகாப்புச் சோதனை

தேய்ந்த இருக்கைக்கு ஒட்டுப் போடலாம், மெத்தைக்குப் புதுக் கம்பளி அடைக்கலாம், அவற்றுக்குக் காத்திருக்கலாம். வார்களுக்குக் காத்திருக்க முடியாது. துளை நீள்வட்டமாக இழுபட்டிருந்தாலும், துளைக்குக் குறுக்கே வெடிப்பு தெரிந்தாலும், தையலை நகத்தால் நிமிண்டும்போது நூல் பிரிந்தாலும் உடனே புது வார் தைத்துக்கொள்ளுங்கள். அங்கவடிக் கொண்டியின் நுனித்தாழ்ப்பாளை எப்போதும் திறந்தே வையுங்கள்: விழுபவரின் பாதம் அங்கவடியில் சிக்கினால், வார் கழன்று அவரைக் காப்பாற்றுவது அந்தத் திறப்புத்தான்.