பள்ளி மாணவரின் தொழில் தேடல்: ஒரு முறை உருவான வரலாறு

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே தமக்கேற்ற தொழில் எது என்பதை மாணவர் ஆராய்ந்து அறியும் முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருப்பெற்றது. பாஸ்டன் நகரின் பிராங்க் பார்சன்ஸ் (1854–1908), மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பணியாற்றிய ஜெஸ்ஸி டேவிஸ் ஆகிய இருவரும் இதன் முன்னோடிகள்.

பின்னணி

அக்காலத்தில் பாஸ்டன் அமைந்துள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 14 வயது வரைதான் கட்டாயக் கல்வி இருந்தது. அந்த வயது நிரம்பியதும் ஏழைக் குடும்பப் பிள்ளைகள் பலர், குறிப்பாக ஐரோப்பாவிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள், ஆலைக்கோ கடைக்கோ வேலைக்குப் போயினர். முதலில் கிடைத்த வேலையே பலருக்கு வாழ்நாள் தொழிலாயிற்று. எந்தத் தொழிலுக்கு என்ன படிக்க வேண்டும், கூலி எவ்வளவு, முன்னேற வழி உண்டா என்று எடுத்துச் சொல்ல வீட்டிலும் ஆளில்லை, பள்ளியிலும் ஆளில்லை.

பார்சன்ஸின் மூன்று படிகள்

பார்சன்ஸ் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அவர் வேலை பார்த்த இரயில்வே நிறுவனம் 1873ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நொடித்துப் போனது. பிறகு இரும்பாலைத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், சட்டப் பேராசிரியர் எனப் பல தொழில்களைப் பார்த்தார். தாம் பட்ட தடுமாற்றம் இளைஞர்களுக்கு வேண்டாம் என்று எண்ணியவர்போல், 1908 சனவரியில் பாஸ்டனில் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார்.

அவரது முறையில் மூன்று படிகள் உண்டு:

1. தன் திறமை, விருப்பம், குறைபாடு ஆகியவற்றை அறிதல்.
2. ஒவ்வொரு தொழிலின் தேவை, ஊதியம், வாய்ப்பு, இடர் ஆகியவற்றை அறிதல்.
3. இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்துச் சிந்தித்தல்.

முடிவை ஆலோசகர் எடுக்கக்கூடாது, வந்தவரே எடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தலையின் வடிவத்தைக் கொண்டும் இயல்பைக் கணிக்க முயன்றது அவர் முறையின் குறை. அப்பகுதி பின்னர் வழக்கொழிந்தது. நிலையம் தொடங்கிய அதே ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். தொழிலைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அவரது நூல் 1909இல்தான் வெளிவந்தது.

டேவிஸின் கட்டுரை வகுப்பு

பார்சன்ஸின் நிலையம் தேடி வந்தவர்களுக்கே பயன்பட்டது. எல்லா மாணவரையும் எட்டும் வழியை டேவிஸ் கண்டார். 1907இல் கிராண்ட் ராப்பிட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரான அவர், ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் வாரம் ஒரு வகுப்பைத் தொழில் தேடலுக்கு ஒதுக்கச் செய்தார். கீழ் வகுப்பினர் தம் ஆசைகளையும் சான்றோர் வாழ்க்கையையும் பற்றி எழுதினர். மேல் வகுப்பினர் தாம் விரும்பிய தொழிலைப் பற்றிப் படித்து, அதற்குத் தம்மை எப்படி ஆயத்தம் செய்வது என்று எழுதினர். இதற்குப் புதிய பாடமோ தனி ஆசிரியரோ தேவைப்படவில்லை. தொழிலைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலில் அதை விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைதான் டேவிஸ் வேண்டியது.

பரவல்

1909இல் பாஸ்டன் பள்ளிகளில் ஆசிரியர்களே தொழில் ஆலோசகர்களாக நியமிக்கப்பட்டனர். 1910இல் இத்துறையின் முதல் தேசிய மாநாடு பாஸ்டனில் கூடியது. 1913இல் தேசியத் தொழில் வழிகாட்டல் சங்கம் டேவிஸின் ஊரான கிராண்ட் ராப்பிட்ஸில் அமைக்கப்பட்டது.

பின்னாளில் உளவியல் தேர்வுகளும் கணினி வினாப்பட்டியல்களும் வந்தன. ஆயினும் தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்ற அடிப்படை இன்றும் வழக்கில் உள்ளது. மாணவரிடம் ஒரு முடிவைக் கொடுப்பதைவிட ஒரு கேள்வியைக் கொடுத்து விசாரிக்கச் செய்வதே இவ்விரு முன்னோடிகளும் காட்டிய வழி.