ஒற்றைத் தலைவலி பிறந்த கதை

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் மாறும் வாரம். ஹாஸ்டல் அறையில் ஒரு பெண் வாந்தி எடுத்துவிட்டு, "அக்கா, அந்த லைட்ட அணைச்சிடுங்க" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு படுக்கிறாள். "எல்லாம் டென்ஷன்தான், டீ குடிச்சா சரியாயிடும்" என்கிறார்கள். சரியாவதில்லை. அவள் மூளையின் உறையில் அந்நேரம் ஓர் அழற்சி நடப்பதாகக் கருதப்படுகிறது.

இந்த முடிவுக்கு வர வெகுகாலம் ஆனது. நெற்றிப்பொட்டில் ரத்தக்குழாய் விரிவதால்தான் வலி என்று முதலில் நம்பினார்கள். எர்கோட்டமின் மருந்து அந்தத் துடிப்பையும் வலியையும் சேர்த்தே அடக்குவதை நியூயார்க்கில் ஹரால்ட் உல்ஃப் 1938-இல் அளந்து காட்டினார். பின்னாளில் அவருடைய குழுவே, வலிக்கும் பொட்டின் தோலுக்கடியில் நீர் எடுத்துப் பார்த்தது. வலியைக் கூட்டும் பொருள் அதில் இருந்தது. கிருமியும் இல்லை, காயமும் இல்லை; அழற்சியின் தடயம் மட்டும் இருந்தது.

1979-இல் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் அந்தத் தடயத்துக்கு ஒரு வழி சொன்னார். மூளைக்கு வலி தெரியாது. அதன் உறைக்குத் தெரியும். உறையின் ரத்தக்குழாய்களைச் சுற்றி டிரைஜெமினல் நரம்பின் நுனிகள் படர்ந்திருக்கின்றன. தூண்டப்பட்டால், அவை வலியை மூளைக்குச் சொல்வதோடு நிற்காமல், தாங்களே ரசாயனங்களைக் கக்குகின்றன. குழாய் விரிகிறது, நீர் கசிகிறது, மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் உடைந்து இன்னும் எரிச்சலூட்டுகின்றன.

எலியின் உறையில் இந்த நீர்க்கசிவை நிறுத்திய சில மருந்துகள் மனிதர்களிடம் தோற்றன. அழற்சிக் கொள்கையே பொய்யோ என்று பலர் கைவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1990-இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும், வலி வந்தவர்களின் கழுத்து ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. என்ற நரம்புப் பொருள் ஏறியிருப்பதைக் கண்டிருந்தார்கள். கோபன்ஹேகனில் யெஸ் ஒலெசனின் குழு அதையே நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தது, தலைவலி வந்தது. கசிவை விட்டுவிட்டு இந்தப் பொருளைத் தடுத்த ஊசி மருந்துக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. 2021-இல் மாஸ்கோவிட்ஸ், கோட்ஸ்பி, எட்வின்சன், ஒலெசன் நால்வருக்கும் மூளை ஆய்வுக்கான டேனிஷ் பரிசு கிடைத்தது.

முதல் பொறி எங்கிருந்து வருகிறது? 2013-இல் துருக்கி ஆய்வாளர்கள் எலிகளில் ஒரு விடை கண்டார்கள்: தவிக்கும் மூளைச் செல் வாயில் திறந்து அபாயச் செய்தி அனுப்ப, அது உறை வரை எட்டுகிறது. மனிதரிலும் அப்படியே நடக்கிறதா என்பது இன்னும் முழுதாகத் தீரவில்லை. தூக்கம் கெடுவதும் வேளைக்குச் சாப்பிடாததும் வலியைக் கிளப்பும் என்பது மட்டும் நோயாளிகள் பலரும் அறிந்தது. ஷிப்ட் வேலையில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது நிம்ஹான்ஸ். அதன் மருத்துவர்கள் பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு 2015-இல் வெளியானது: பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு ஒரே ஆண்டில் ஒற்றைத் தலைவலி வந்திருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், ஓசூரில் மட்டும் குறைவாக இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. மெடிக்கலில் பட்டை பட்டையாக வாங்கி, மாதத்தில் 15 நாள் வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கக்கூடும். அவர்கள் பார்க்க வேண்டியது நரம்பியல் மருத்துவரை. அதற்கு ஒரு நாள் லீவு கொடுக்க வேண்டியது கம்பெனி.