தெரிஞ்சும் சாப்பிட்ட வெள்ளைச் சோறு

"உடம்புக்கு ஆகாதுன்னு தெரியும், ஆனா விட முடியல." பரோட்டாவுக்கும் இதைத்தான் சொல்றோம், ராத்திரி 12 மணி பிரியாணிக்கும் இதைத்தான் சொல்றோம். சொல்லிட்டு, நமக்கு மன உறுதி இல்லைன்னு நம்மையே திட்டிக்கிறோம். அது மட்டும்தான் காரணமா? ஜப்பானுக்குப் போய்ப் பார்ப்போம்.

டோக்கியோவின் பழைய பெயர் எதோ. கிராமத்திலிருந்து அங்கே வந்த சாமுராய்களுக்கும் வேலையாட்களுக்கும் கால் மரத்துப்போகும், வீங்கும். சிலருக்கு இதயமே நின்றுவிடும். ஊருக்குத் திரும்பினால் சரியாகிவிடும். இதுக்கு "எதோ நோய்"னே பேர் வச்சாங்க. இன்று நாம் பெரிபெரி என்கிறோம். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் பி1 விட்டமின்தான் காரணம் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆனா நகரத்துச் சாப்பாட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு கவனிச்சிருந்தாங்க. அப்புறமும் வெள்ளைச் சோற்றை விடல. ஏன்? ஊரில் பார்லியும் சிறுதானியமும் ஏழைச் சாப்பாடு. வெள்ளைச் சோறு, "நான் முன்னேறிட்டேன்" என்பதற்கு அடையாளம்.

1882இல் ரியூஜோ என்ற போர்க்கப்பல் பயிற்சிக்குக் கிளம்பியது. 376 பேரில் 169 பேருக்கு நோய். 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ சாப்பாட்டைத்தான் சந்தேகப்பட்டார். 1884இல் அதே வழியில் போன சுகுபா கப்பலில் இறைச்சி, பால், ரொட்டி கொடுக்கச் செய்தார். ஒருவர்கூட சாகவில்லை. நோய் வந்த சிலரிலும் பெரும்பாலோர் புதுச் சாப்பாட்டைத் தொடாதவர்கள்.

இவ்வளவு தெளிவா நிரூபிச்சாச்சு. மாலுமிகள் என்ன பண்ணாங்க? ரொட்டியைக் கடலில் வீசினாங்க! இன்னொரு சிக்கலும் இருந்தது. அதுவரை அரிசி இலவசம். குழம்பு, கறிக்குப் பணமாகக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டு, வெறும் சோற்றால் வயிற்றை நிரப்பியவர்கள் பலர். தகாகி உபதேசம் பண்ணிட்டிருக்கல. காசுக்குப் பதில் சாப்பாடாகவே கொடுக்கும் முறை வந்தது. 1885இல் அரிசியோடு பார்லியைக் கலந்தார்கள். சில வருஷத்தில் கடற்படையில் பெரிபெரி கிட்டத்தட்ட மறைந்தது.

தரைப்படை மட்டும் கேட்கவில்லை. கிருமிதான் காரணம் என்றார்கள் அதன் மருத்துவர்கள். புகழ்பெற்ற எழுத்தாளர் மோரி ஓகாயும் அவர்களில் ஒருவர். கூடவே ஒரு பாசமும் இருந்தது: சாகப் போற பையனுக்கு வெள்ளைச் சோறாவது போட வேண்டாமா? 1904-05 ரஷ்யப் போரில் சுமார் 2,50,000 வீரர்களுக்குப் பெரிபெரி வந்தது. 27,000 பேருக்கு மேல் அதில் இறந்தார்கள்.

இதே காலத்தில் மலாயாவில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழுந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. அவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போதே விட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும். அவங்களுக்கு விட்டமின் தெரியாது. ஊர்ச் சோறு, அவ்வளவுதான்.

அதனால அடுத்த தடவை உங்களையே திட்டிக்கிறதுக்கு முன்னாடி, இதைக் கேட்டுப் பாருங்க: இந்தச் சாப்பாடு எனக்கு எதுக்கு அடையாளமா இருக்கு? கையில இருக்கிற காசுக்கு வேற என்ன கிடைக்குது? என் தட்டுல என்ன விழணும்னு யார் முடிவு பண்றாங்க?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.