பாய்க்கப்பலில் ஆருத் தீவுகளுக்கு
வாலேஸின் பயணமும் வழிகாட்டிய மக்களும்

கடற்பயண வரலாறு என்றவுடன் நம் பாடநூல்கள் கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மகெல்லன் என்று பெயர்களை வரிசையாக அடுக்கும். அவர்கள் நாடுகளையும் தீவுகளையும் 'கண்டுபிடித்தார்கள்' என்று மாணவர் மனனம் செய்வர். அங்கெல்லாம் முன்பே மக்கள் வாழ்ந்தனர் என்பதும், கடல்வழிகள் பலவற்றை அவ்வட்டார மாலுமிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர் என்பதும் அப்பாடங்களில் அரிதாகவே இடம் பெறும். இக்குறையை நீக்க நமக்குப் பெரிதும் பயன்படக்கூடிய பயணம் ஒன்று நம் அண்டைக் கடலிலேயே நிகழ்ந்துள்ளது. ஆல்பிரட் ரஸல் வாலேஸ் என்னும் இயற்கை நூலறிஞர் 1856ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மக்காசார் துறைமுகத்திலிருந்து ஆருத் தீவுகளுக்குச் சென்றதே அது. 1869இல் வெளிவந்த 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் நூலில் அவரே அதனை விரிவாக எழுதியுள்ளார். ஓர் அறிஞரின் பெயரால் வழங்கும் அறிவில் எத்தனை பேருடைய அறிவு கலந்திருக்கிறது என்பதை அந்நூலை ஊன்றிப் படிப்போர் எளிதில் உணர்வர்.

வாலேஸ் யார்?

வாலேஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். குடும்பத்தின் வறுமையால் 14ஆம் வயதிலேயே பள்ளியை விட்டு நீங்கினார். நில அளவைத் தொழில் செய்தார். லெஸ்டர் நகரில் சிறிது காலம் ஆசிரியராகவும் பணியாற்றினார். 1848இல் தென்னமெரிக்காவின் அமேசான் காடுகளுக்குச் சென்று நான்கு ஆண்டுகள் உழைத்தார். 1852இல் தாயகம் திரும்பும்போது கப்பல் தீப்பற்றியதால், உடன் கொண்டுவந்த சேகரிப்புகள் கடலில் அழிந்தன. அதற்குப் பிறகும் மனம் தளராது 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்.

புக்கிட் தீமாக் காட்டில் வண்டு பிடித்தார். மலாக்காவுக்குச் சென்று லேடாங் மலை ஏறினார். பறவைத் தோல்களையும் பூச்சிகளையும் இலண்டனில் இருந்த முகவர் வழியாக விற்றுத்தான் அவர் வாழ வேண்டியிருந்தது. சிங்கப்பூர் மக்களைப் பற்றி எழுதும்போது 'கிளிங்கர்' எனப்பட்ட நம்மவரையும் குறிப்பிடுகிறார். அவர்கள் சிறு வணிகரும் கடைக்காரருமாக இருந்தனர் என்கிறார். ஆயின் அவர்களை மேற்கு இந்தியர் என்று எழுதிவிட்டார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரை மேற்குக் கரையினராக்கியது பிழை. அறிஞர் நூலாயினும் ஆராய்ந்தே கொள்ள வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

காற்றும் கப்பலும்

ஆருத் தீவுகள் நியூகினிக்குத் தென்மேற்கே, மக்காசாரிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மைல் தொலைவில் உள்ளன. அக்காலத்தில் அங்கே ஆண்டுக்கு ஒருமுறைதான் சென்று வரலாம். டிசம்பர், ஜனவரித் திங்கள்களில் வீசும் மேல்காற்றில் செல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டுத் திங்கள்களில் கீழ்க்காற்றில் திரும்ப வேண்டும். வாலேஸ் இவ்வழியைத் தேடிக் காணவில்லை. பூகிஸ் மக்களும் மக்காசார் மக்களும் நெடுங்காலமாக நடத்திவந்த வணிகத்தின் வழி அது. அவர் அதில் ஒரு பயணியாக இடம் பெற்றார்.

அவர் ஏறிய கப்பல் மலாய் மொழியில் பெராகு எனப்படும் பாய்க்கப்பல். ஏறத்தாழ எழுபது டன் கொள்ளளவு உடையது. பாய்கள் கோரைப்பாய் போல முடையப்பட்டவை. சுக்கான் இரண்டு, பின்புறத்தில் பக்கத்திற்கு ஒன்றாக அமைந்திருந்தன. கயிறுகளுக்குப் பெரும்பாலும் பிரம்பும் நாருமே பயன்பட்டன. மேல்தளத்தில் ஓலை வேய்ந்த ஒரு சிறு குடிசையே வாலேஸின் அறை. நிமிர்ந்து நிற்க முடியாத உயரம், மூங்கில் பிளாச்சுத் தரை. ஆயினும் கடலில் தாம் கண்ட இடங்களுள் அதுவே மிக வசதியானது என்று அவர் எழுதுகிறார். பெரிய நீராவிக் கப்பல்களின் வண்ணநெய், தார், எண்ணெய் நாற்றங்கள் அங்கே இல்லை. மூங்கிலும் ஓலையும் நாரும் காட்டை நினைவூட்டின என்பது அவர் கூறும் காரணம்.

டிசம்பர் 18ஆம் நாள் புறப்பட்ட கப்பல், ஆண்டின் கடைசி நாளில் கெய்த் தீவுகளை அடைந்தது. மூக்கு உயர்ந்த நீண்ட ஓடங்களில் பாடிக்கொண்டே துடுப்பு வலித்து வந்த தீவினர், கப்பலில் ஏறி மகிழ்ச்சி ஆரவாரம் செய்தனர். இவர்கள் படகு கட்டுவதில் வல்லவர்கள். கோடரி, வாய்ச்சி, துறப்பணம் ஆகிய கருவிகளே அவர்களுக்குப் போதும். பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மர முளைகளால் பொருத்துவர். பின்னர் உட்புறச் சட்டங்களைப் பிரம்பால் இறுகக் கட்டுவர். இரும்பு ஆணி ஒன்றும் வேண்டாம். இவ்வேலையின் நுட்பத்தை வாலேஸ் வியந்து பாராட்டுகிறார். எழுத்தறியாதார் எனப்பட்டோரின் கையில் இருந்த கணக்கும் அளவும் இவை.

டோபோ என்னும் வணிக ஊர்

1857 ஜனவரி 8ஆம் நாள் கப்பல் ஆருத் தீவுகளின் டோபோவை அடைந்தது. அன்று வாலேஸுக்கு 34 வயது நிறைந்தது. டோபோ, கடலுக்குள் நீண்ட ஒரு மணல்திட்டின்மேல் ஓலை வீடுகள் வரிசையாக அமைந்த சிற்றூர். வணிகப் பருவத்தில் சீனரும் பூகிஸ் மக்களும் சாவகரும் பிறரும் அங்கே கூடினர். முத்துச்சிப்பி, கடலட்டை, ஆமை ஓடு, உண்ணும் பறவைக் கூடு, சொர்க்கப் பறவையின் தோல் ஆகியவற்றை வாங்கினர். துணி, கத்தி, சாராயம் முதலியவற்றை விற்றனர்.

அவ்வூரில் காவலர் இல்லை, நீதிமன்றமும் இல்லை. பல இனத்தார், பல மொழியினர் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கூடியிருந்தும் பெருங்குற்றம் எதுவும் நிகழாதது வாலேஸை வியப்பில் ஆழ்த்தியது. வணிகம் நடக்க வேண்டுமானால் அமைதி வேண்டும் என்னும் பொது உணர்வே அங்கு அரசாக இருந்தது என்று கருதினார். ஐரோப்பாவில் நிறைந்திருந்த சட்டங்களையும் வழக்கறிஞரையும் அதனோடு ஒப்பிட்டுச் சிந்தித்தார். அதே வேளையில், சாராயம் தீவினரின் உழைப்பை உறிஞ்சியதையும் மறைக்காமல் எழுதினார்.

யார் யாரை ஆராய்ந்தார்?

கடற்கொள்ளையர் அச்சத்தால் சில வாரம் தங்கிய பின்னர், மார்ச்சில் வாலேஸ் உட்பகுதிக்குச் சென்று வனும்பாய் என்னும் சிற்றூரில் ஊராரோடு ஒரே வீட்டில் தங்கினார். இங்கே நிகழ்ந்த ஒரு செய்தி ஆசிரியர் அனைவரும் அறியற்பாலது. ஊர் முதியவர் ஒருவர் அவருடைய நாட்டின் பெயரைக் கேட்டார். இங்கிலாந்து என்னும் பெயர் அவர்கள் நாவில் நுழையவில்லை. அப்படியும் ஒரு நாட்டுக்குப் பெயர் இருக்குமா, நீர் எம்மை ஏமாற்றுகிறீர் என்று முதியவர் கடிந்துகொண்டார். பறவைகளையும் பூச்சிகளையும் ஏன் பதப்படுத்துகிறீர் என்று கேட்டனர். எம் நாட்டார் பார்ப்பதற்கு என்று அவர் கூறியதை எவரும் நம்பவில்லை. துணியும் கண்ணாடியும் கத்தியும் செய்யத் தெரிந்த நாட்டார், ஆருவின் பூச்சியைப் பார்க்கவா விரும்புவர்? அவை கடலைக் கடந்ததும் மீண்டும் உயிர் பெறும் என்பதே அவர்கள் முடிபு.

படிப்போர் நகைக்கலாம். ஆனால் தம்மைச் சூழ்ந்தவற்றைக் கொண்டு காரணம் தேடிய அவர்களின் வினாக்களில் குறை ஒன்றும் இல்லை. அயலான் அவர்களை ஆராய்ந்தது போலவே அவர்களும் அயலானை ஆராய்ந்தனர். வாலேஸ் தம் காலத்து ஐரோப்பியரைப் போல மக்களை 'நாகரிகர்', 'காட்டினர்' எனப் பிரித்தே எழுதினார். அப்பகுப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை. எனினும் தம்மைப் பிறர் எள்ளிய இடத்தையும் ஒளிக்காமல் எழுதிய நேர்மையை ஏற்கலாம்.

காலற்ற பறவை

சொர்க்கப் பறவையின் வரலாறு இதனை மேலும் விளக்கும். மகெல்லனின் தோழர்கள் 1522இல் அப்பறவையின் தோல்களை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். வணிகத்திற்கு வந்த தோல்களில் கால்களை நீக்கிவிடுவது வழக்கம். அதனால் அப்பறவைக்குக் காலே இல்லை, அது தரையில் இறங்காமல் வானிலேயே வாழ்கிறது என்ற கதை ஐரோப்பாவில் பரவியது. 1758இல் லின்னேயஸ், ஆருவில் வாழும் பெரிய சொர்க்கப் பறவைக்குக் 'காலற்றது' என்னும் பொருள்படும் 'அபோடா' என்ற பெயரைச் சூட்டினார். இன்றும் அதுவே அறிவியற் பெயர். ஆருவின் வேடனோ மரக்கிளையில் ஓலைத்தட்டி கட்டி ஒளிந்திருந்து, இறகில் குருதி படாதவாறு மழுங்கிய முனையுடைய அம்பால் அப்பறவையை வீழ்த்துவான். அதன் கால் எத்தனை என்று அவனிடம் கேட்டிருந்தால் போதுமே!

வாலேஸ் கேட்கும் பண்புடையவர். பூச்சிக் கடியால் கால் புண்ணாகி அவர் வாரக்கணக்கில் வீட்டில் கிடந்தபோது உதவியாளரும் ஊர்ச் சிறுவரும் உயிரினங்களைக் கொண்டுவந்து தந்தனர். அவர் கண்டு மெய்சிலிர்த்த 'அரசச் சொர்க்கப் பறவை'யைக் கொண்டுவந்தவர் மக்காசாரைச் சேர்ந்த பாதெருன் என்னும் உதவியாளர். ஊராருக்கோ அது நமக்கு மைனாவைப் போலப் பழகிய பறவை. சரவாக்கில் வாலேஸிடம் சேர்ந்த மலாய் இளைஞர் அலி, 1858இல் பாச்சான் தீவில் அதுவரை அறிவுலகம் அறியாத ஒரு சொர்க்கப் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தார். அதற்கு வாலேஸின் பெயர் சூட்டப்பட்டது. அலி கொண்டுவந்தது என்று வாலேஸ் எழுதி வைத்திராவிடில் அவ்வுண்மை மறைந்தே போயிருக்கும். 1907இல் தெர்நாத்தேயில் அமெரிக்க விலங்கியலார் தாமஸ் பார்பரைச் சந்தித்த முதியவர் ஒருவர், தம்மை 'அலி வாலேஸ்' என்று கூறிக்கொண்டார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

விளைந்த பயன்

1857 ஜூலையில் ஆருவிலிருந்து புறப்பட்ட கப்பல், கீழ்க்காற்றின் துணையால் ஒன்பதரை நாளில் மக்காசாரை அடைந்தது. ஏறத்தாழ 1,600 இனங்களைச் சேர்ந்த 9,000 உயிரினப் பொருள்கள் சேர்ந்திருந்தன. ஆருவின் உயிரினங்கள் நியூகினியின் உயிரினங்களை ஒத்திருத்தலையும் இடைப்பட்ட கடல் ஆழமற்றிருத்தலையும் கண்டு, இவ்விரு நிலங்களும் முன்னாளில் இணைந்திருந்தன என்று வாலேஸ் துணிந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தெர்நாத்தேயிலிருந்து டார்வினுக்கு எழுதி அனுப்பிய கட்டுரை, 1858 ஜூலை 1ஆம் நாள் இலண்டன் லின்னேயக் கழகத்தில் டார்வினின் எழுத்துகளோடு படிக்கப்பட்டது. இயற்கைத் தேர்வுக் கொள்கை இவ்வாறே உலகறிய வெளிவந்தது.

ஆருக் காட்டில் அரசச் சொர்க்கப் பறவையைக் கையில் ஏந்தியபோது வாலேஸின் உள்ளத்தில் மகிழ்ச்சியோடு துயரமும் எழுந்தது. நாகரிக மனிதர் இக்காட்டில் புகுந்தால் இவ்வழகை அவர்களே அழித்துவிடுவர் என்று அஞ்சினார்; உயிரினங்கள் யாவும் மனிதனுக்காகவே படைக்கப்பட்டவை அல்ல என்று முடிவு செய்தார். அவ்வச்சம் வீணன்று. ஆருத் தீவுகளின் பெரும்பகுதிக் காட்டை அழித்துக் கரும்புத் தோட்டமாக்கும் திட்டம் ஒன்று நம் காலத்திலேயே எழுந்தது. ஊர் மக்கள் எதிர்த்து நின்றனர்; ஆதரவு பெருகியது; 2014இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. காடு வெட்டித் தோட்டம் எழுப்பிய பாட்டன்மாரின் வழிவந்த நமக்கு, தோட்டம் என்னும் சொல்லுக்குள் எவ்வளவு காடும் எவ்வளவு வியர்வையும் அடங்கும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்று டோபோ, ஆருத் தீவு மாவட்டத்தின் தலைநகர். மலுக்குத் தீவுகளுக்குச் சிறு உல்லாசக் கப்பல்களும் செல்கின்றன. ஓர் ஊரில் சில மணி நேரம் தங்கி, நடனம் கண்டு, படம் எடுத்துத் திரும்புவோர் உண்டு. வாலேஸ் ஆறு திங்கள் தங்கினார். ஊராரின் வினாக்களுக்கு விடை சொல்லவும் நேர்ந்தது. சென்றவர் கண்டதோடு, சென்றவரை ஊரார் எவ்வாறு கண்டனர் என்பதும் சேர்ந்தால்தான் பயணம் அறிவாக மாறும்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் தீவுப் பயணங்களைக் கற்பிக்கும்போது, சென்றவர் பெயரோடு நின்றுவிடாமல் மேலும் மூன்று வினாக்களை மாணவர்முன் வைத்தல் நன்று. கப்பலைக் கட்டியவர் யார்? காற்றை அறிந்து செலுத்தியவர் யார்? கரையில் நின்று வரவேற்றவர் யார்? இவற்றுக்கு விடை தேடும் மாணவன், வரலாற்றில் தன் பாட்டனுக்கும் ஓர் இடம் உண்டு என்பதைத் தானே காண்பான்.