‘ஷை’ என்று எழுதி ‘மேற்படி’ என்று படிப்பது

பழைய கிரயப் பத்திரங்களின் சொத்து விவரத்தில் இப்படி ஒரு நடை வரும்: “வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, இதன் மத்தியில் உள்ள ஷை நிலமும், ஷை நிலத்துக்குப் போகவர மாமூல் வழிநடைப் பாத்தியமும்.” தாத்தா காலத்துப் பத்திரத்தைக் கையில் எடுக்கும் இளைஞர்கள் இந்த ‘ஷை’யில்தான் தடுக்கி நிற்கிறார்கள். பத்திரத்தில் வாரிசு, ரசீது, ஜாமீன் என்று பாரசீக, அரபுச் சொற்கள் நிறைந்திருப்பதால், இதுவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் இது பிறமொழிச் சொல் அல்ல. ‘மேற்படி’ என்பதற்கு இட்ட சுருக்கக் குறி. மேல், படி இரண்டும் சேர்ந்தால் லகரம் றகரமாகி ‘மேற்படி’ ஆகும்; மேலே சொன்னபடி என்று பொருள். பத்திரத்தில் ஒரே நிலத்தையும் ஒரே ஆளையும் பத்து இடத்தில் சுட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதினால் முத்திரைத்தாள் போதாது. அதனால் எழுத்தர்கள் ௸ என்று ஒரு குறியைப் போட்டார்கள். பார்வைக்கு அது ‘ஷை’ போலவே இருக்கிறது. பிறகு தட்டச்சுக்கும் கணினிக்கும் வந்தபோது, கைக்கு எளிதாகக் கிடைத்த ‘ஷை’யே அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இந்தப் பிழையை இலக்கணமும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. இ, ஈ, ஐ ஆகியவற்றில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரெழுத்து வந்தால் இடையில் யகரம் தோன்றும். மேற்படி + ஆர் ‘மேற்படியார்’ ஆகும். ஷை + ஆர் என்றாலும் ‘ஷையார்’தான். ‘௸யார்’ என்று எழுதியிருப்பதை எப்படிப் படித்தாலும் புணர்ச்சி சரியாகவே பொருந்துகிறது! ஈறு வேறாக இருந்திருந்தால் பிழை வாயிலேயே இடறியிருக்கும்.

௸ தனியாக நிற்கும் குறி அல்ல. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய், ௺ எண் என்று ஒரு குடும்பமே உண்டு. ‘பிரபவ ௵ தை ௴ 5 ௳’ என்பதைப் பிரபவ வருடம் தை மாதம் 5ஆம் நாள் என்று வாசிக்க வேண்டும். இந்த எட்டும் 2003இல் யூனிகோடில் இடம்பெற்றன. ஆனாலும் கைபேசி விசைப்பலகையில் ௸ஐத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவோர் தயவுசெய்து ௸ என்றோ, முழுதாக மேற்படி என்றோ இடுங்கள். ‘ஷை’ என்று ஏற்றிவிட்டால் நாளை மேற்படி என்று தேடுகிறவருக்கு அந்தப் பத்திரம் அகப்படாது.

எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ‘ஷை’ மேலே சொன்னதைச் சுட்டும். மேலே சொன்னது ஒன்றாக இருந்தால் சிக்கலில்லை. நஞ்சை ஒன்று, புஞ்சை ஒன்று என இரண்டு நிலங்களை எழுதிவிட்டு, ‘ஷை நிலத்தில் உள்ள கிணற்றில் பாதி பாத்தியம்’ என்று முடித்தால், கிணறு எந்த நிலத்தில்? அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் இந்த ஓரெழுத்து வழக்காகவே முளைக்கலாம். அங்கே இடத்தை மிச்சம் பிடிக்காமல் சர்வே எண்ணையே மறுபடி எழுதுவதுதான் முறை.

பேச்சுக்கு வந்தபோது மேற்படி வேறு வேலையும் கற்றுக்கொண்டது. “மேற்படி சமாச்சாரம் என்னாச்சு?” என்று ஒருவர் கேட்டால், மேலே எதுவும் சொல்லப்பட்டிருக்காது, நாலு பேர் முன்னால் பேர் சொல்லக் கூடாத விஷயம் அது. பத்திரத்தில் ஐயத்துக்கு இடமின்றிச் சுட்டப் பிறந்த சொல், திண்ணையில் ஒன்றை மறைத்துச் சுட்டவும் பயன்படுகிறது. ‘ஷை’யாக உச்சரிக்கப்பட்டிருந்தால் இந்த வழக்கு பிறந்திருக்காது. மேற்படி என்று வாய்விட்டுப் படித்துக் காட்டிய எழுத்தர்கள் வழியாகத்தான் அது ஊர்ப் பேச்சில் கலந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.